விண்டோஸில் ஓடுகிறது, உபுண்டுவில் தவழ்கிறது: ஒரே லேப்டாப்பில் இரண்டு வைஃபை வேகம் ஏன்?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியின் சாரம் இது. அக்கா பயன்படுத்திய பழைய லேப்டாப். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டதால், அதை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் வகையான உபுண்டு 24.04 போட்டிருக்கிறார். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. மாடி அறையில் உட்கார்ந்து பார்த்தால் விண்டோஸில் 40 எம்பிபிஎஸ் வருகிறது. உபுண்டுவில் 2, 3க்கு மேல் ஏறவில்லை. ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மட்டும் உபுண்டுவிலும் சுமாராக வருகிறது. வைஃபை கார்டு, ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ. கடையில் காட்டினால் “கார்டு போயிடுச்சு, மாத்தணும்” என்கிறார்களாம். “மாத்திடலாமா அண்ணா, இல்ல உபுண்டுவத் தூக்கிட்டு வேற லினக்ஸ் போடலாமா?” கூடவே இன்னொன்று: உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

தம்பி, கார்டையும் மாற்ற வேண்டாம், உபுண்டுவையும் தூக்க வேண்டாம். விண்டோஸில் அதே கார்டுதானே 40 தருகிறது? செத்த கார்டு ஒரு பக்கம் மட்டும் உயிரோடு இருக்குமா! இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு வாய்த்த பெரிய வசதியே இதுதான். மற்றவர்கள் லைனா, ரவுட்டரா, கார்டா, மென்பொருளா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கார்டை வைத்துக்கொண்டு, மென்பொருளை மட்டும் மாற்றிப் பார்த்துவிடலாம். ஒன்றில் வந்து இன்னொன்றில் வரவில்லை என்றால் கேபிள்காரருக்கு போன் போடுவது வீண். இரண்டிலுமே வரவில்லை என்றால்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

ஆனால் ஒப்பிடும்போது நியாயமாக ஒப்பிட வேண்டும். அதே இடம், அதே நேரம், அதே சோதனைத் தளம். ப்ளூடூத் இரண்டிலும் அணைந்திருக்க வேண்டும். அது ஓடுவதும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான், உங்கள் கார்டில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே சிப்பில் இருக்கின்றன. உபுண்டுவில் ப்ளூடூத் இயர்போன் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டபடி வேகம் பார்த்தால் கணக்கு உதைக்கும். யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதையும் கழற்றுங்கள். அந்தக் கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஒரு அறிக்கை போட்டது.

இனி விஷயம். உங்கள் கேள்வியில் எனக்குப் பொறி தட்டியது இரண்டு இடங்களில். ஒன்று, அந்த 8723பிஇ. மற்றது, ரவுட்டர் பக்கத்தில் போனால் வருகிறது என்று நீங்கள் போகிற போக்கில் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இது பெரும்பாலும் ஆன்டெனா விவகாரம்.

லேப்டாப்பின் வைஃபை கார்டு தீப்பெட்டி அளவுகூட இருக்காது. ஆன்டெனா அதில் இல்லை. திரையின் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும். அங்கிருந்து மெல்லிய ஒயர் ஒன்று கீல் வழியாக இறங்கிவந்து கார்டின் மேலுள்ள சின்னக் குமிழில் மாட்டிக்கொள்ளும். இந்தக் கார்டில் அப்படி இரண்டு குமிழ் உண்டு. காசை மிச்சம் பிடிக்க நினைத்த சில லேப்டாப் தயாரிப்பாளர்கள் ஒரே ஒரு ஒயரை இழுத்து, இரண்டில் ஒரு குமிழில் மட்டும் மாட்டிவிட்டார்கள். அதுவரைக்கும் சரி. எந்தக் குமிழில் மாட்டியிருக்கிறது என்று கார்டுக்குள் ஒரு குறிப்பு எழுதியிருக்க வேண்டும். கோட்டை விட்டது அங்கேதான். விண்டோஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) அதை எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. லினக்ஸ் டிரைவரோ குறிப்பை அப்படியே நம்பி, ஒயரே இல்லாத குமிழில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஒயர் இல்லாத குமிழிலும் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். அந்தக் காலத்தில் மொட்டை மாடி ஆன்டெனாவின் ஒயரைக் கழற்றிவிட்டாலும் டிவியில் புள்ளி புள்ளியாய் ஏதோ ஓர் உருவம் ஆடிக்கொண்டிருக்குமே, அது மாதிரி. ரவுட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதுவே போதும். மாடி ஏறினால் போச்சு.

ஊகத்தை வைத்துக் கையை வைக்கக் கூடாது, அளந்து பார்த்துவிடுவோம். கட்டளைகளை இங்கே ஒலிப்பில்தான் எழுதுகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் சன்னலில், ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். உபுண்டுவில் முதலில் ‘ஐடபிள்யூ டெவ்’ என்று அடித்தால் உங்கள் வைஃபையின் பெயர் வரும். டபிள்யூஎல்ஓ1 மாதிரி ஏதாவது இருக்கும். பிறகு,

‘ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்ஓ1 லிங்க்’

இதில் சிக்னல் என்ற வரியில் மைனஸ் குறியோடு ஓர் எண் இருக்கும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை கவலையில்லை. மைனஸ் 75ஐத் தாண்டினால் திணறும், 80ஐத் தாண்டினால் நீங்கள் சொல்கிற 2, 3 எம்பிபிஎஸ்தான். அப்படியே அசையாமல் விண்டோஸுக்குப் போய், கமாண்ட் பிராம்ட்டில்,

‘நெட்ஷ் டபிள்யூலான் ஷோ இன்டர்ஃபேசஸ்’

என்று அடியுங்கள். விண்டோஸ் சிக்னலைச் சதவீதத்தில் காட்டும். அதைப் பாதியாக்கி 100ஐக் கழித்தால் ஏறத்தாழ அதே அளவுகோலுக்கு வந்துவிடும்: 80 சதவீதம் என்றால் 40, அதில் 100 போக மைனஸ் 60. அங்கே மைனஸ் 60, உபுண்டுவில் மைனஸ் 84 என்று வந்தால் வித்தியாசம் 24 தானே என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கணக்கில் ஒவ்வொரு 10க்கும் பத்து மடங்கு. 24 என்றால் சிக்னல் 250 மடங்கு நலிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் என் ஊகம் தப்பு, கீழே மின்சாரச் சிக்கனம் பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போய்விடுங்கள். பெரிய இடைவெளி இருந்தால் ஆன்டெனாதான். டிரைவரை இறக்கிவிட்டு, எந்தக் குமிழ் என்று நாமே சொல்லி மறுபடி ஏற்ற வேண்டும்:

‘சூடோ மாட்ப்ரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஇ’

‘சூடோ மாட்ப்ரோப் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_செல்=2’

முதல் கட்டளை போட்டதும் வைஃபை காணாமல் போகும். பதற வேண்டாம், இரண்டாவதில் திரும்பி வரும். இணைந்ததும் சிக்னலைப் பாருங்கள். ஏறவில்லையா? அதே இரண்டையும், 2க்குப் பதில் 1 என்று போட்டு இன்னொரு முறை. இரண்டில் ஒன்றில் சடாரென்று ஏறும். இது தற்காலிக மாற்றம்தான். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும், அதனால் தைரியமாகச் செய்து பார்க்கலாம். எது சரியென்று தெரிந்த பிறகு ஈடிசி அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) இருக்கும் மாட்ப்ரோப்.டி என்ற அடைவில் கான்ஃப் என்று முடியும் பெயரில் ஒரு புதுக் கோப்பு உருவாக்கி, அதில் ‘ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_செல்=2’ என்று (அல்லது 1 என்று) ஒற்றை வரி எழுதிச் சேமித்துவிட்டால் நிரந்தரம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறினாலும் அந்த வரி அங்கேயே இருக்கும்.

வேறு லினக்ஸ் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டீர்கள். மின்ட் போட்டாலும் ஃபெடோரா போட்டாலும் டிரைவர் கெர்னலில் இருப்பதுதான். வீட்டை மாற்றினாலும் குடித்தனக்காரர் ஒருவரே. உங்களுடையதைவிடப் புதிய கார்டுகளுக்கு வேண்டுமானால் புதிய கெர்னல் உதவும். ஆர்டிஎல்8821சிஇ கார்டுக்கு 5.9 கெர்னலில்தான் உள்ளேயே ஆதரவு வந்தது, 5.4 கெர்னலோடு வந்த உபுண்டு 20.04இல் அந்தக் கார்டுக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. அப்படிச் சந்தேகம் வந்தால்கூட உடனே அழித்துப் போட வேண்டியதில்லை. புது உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே இயக்கி வேகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

இன்னொரு வழி, எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபையில் இணைத்து, யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு செருகி, யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இப்போது உபுண்டுவுக்கு அதே ரவுட்டரின் இணையம்தான் வருகிறது, ஆனால் லேப்டாப்பின் கார்டைத் தொடாமல். பறக்கிறது என்றால் பிரவுசர், தளத்தின் பெயரை முகவரியாக்கித் தரும் டிஎன்எஸ் எல்லாம் நிரபராதி. கார்டும் டிரைவரும்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள். இப்படியும் இழுத்தால் வேறெங்கோ தேட வேண்டும்.

சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் இல்லாதவர்களுக்கு இனி. பொதுவாக முதல் சந்தேகம் மின்சாரச் சிக்கனம். உபுண்டு வைஃபை கார்டை இடையிடையே தூங்கவிடும். தூங்கும் நேரத்தில் வரும் தரவை ரவுட்டர் பிடித்துவைத்துக்கொண்டு, ‘உனக்குச் சரக்கு வந்திருக்கிறது’ என்று தன் அடுத்த அறிவிப்பில் சொல்லும். அந்த அறிவிப்பு பெரும்பாலான ரவுட்டர்களில் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. கார்டும் டிரைவரும் ஒத்துப்போனால் இது யாருக்கும் தெரியாது. ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு பக்கமும் திறப்பதற்கு முன் ஒரு கணம் யோசிக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: இணையத்தை விட்டுவிட்டு, ரவுட்டரையே பிங் செய்யுங்கள், அதாவது கூப்பிட்டுப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ‘பிங் 192.168.1.1’, சில வீடுகளில் 192.168.0.1. வைஃபையில் 2, 3, 5 மில்லிசெகண்டு வருவது வழக்கம். 3, 4, 98, 110, 5, 87 என்று துள்ளினால் தூக்கம்தான் காரணமாக இருக்கும்.

‘சூடோ ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்ஓ1 செட் பவர்_சேவ் ஆஃப்’

என்று போட்டு மறுபடி பிங் செய்து பாருங்கள். துள்ளல் அடங்கினால், ஈடிசி அடைவில் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி என்ற அடைவில், டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன் என்ற கோப்பைத் திறந்து வைஃபை.பவர்சேவ் என்ற வரியில் இருக்கும் 3ஐ 2 ஆக்குங்கள். 3 என்றால் சிக்கனம் உண்டு, 2 என்றால் கிடையாது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். வீட்டில் சார்ஜரோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு பொருட்டில்லை.

அடுத்தது இரண்டு இயங்குதளக்காரர்களுக்கே உரிய வியாதி. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என்னிடம் லேப்டாப் கொண்டுவந்த ஒரு டீச்சரம்மா, “காலையில இழுக்குது சார், சாயந்திரம் நல்லா ஓடுது” என்றார். தெருவில் காலையில் எல்லாரும் வைஃபை போடுகிறார்கள் போல என்று நினைத்து, ரவுட்டர் சேனலை மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமே திரும்பி வந்தார், அதே பல்லவி. அப்புறம்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: ராத்திரி என்ன செய்கிறீர்கள்? பள்ளிக்கூட வேலைக்காக ராத்திரி விண்டோஸ் போடுவாராம், முடிந்ததும் ஷட் டவுன். காலையில் திறந்ததும் உபுண்டு. மத்தியானம் உபுண்டுவை மூடி, சாயந்திரம் மறுபடி உபுண்டு. காலைக்கும் மாலைக்கும் இருந்த ஒரே வித்தியாசம், அதற்கு முன்னால் ஓடியது எது என்பதுதான்!

விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட் டவுன் என்று சொன்னாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாட்டில் பாதி உறக்கத்துக்குப் போகிறது, மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக. சில கார்டுகளை அது விட்டுவிட்டுப் போகிற நிலை லினக்ஸுக்குப் புரிவதில்லை. வைஃபையே காணாமல் போவதும் உண்டு, டீச்சரம்மாவுக்கு நேர்ந்ததுபோல நொண்டுவதும் உண்டு. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்துக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் மங்கலாகத் தெரிந்தால் மேலே ‘இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதை அழுத்தினால் திறக்கும். இதை வைஃபை நன்றாக இருப்பவர்கள்கூடச் செய்வது நல்லது. பாதி உறக்கத்தில் இருக்கும் விண்டோஸ் பகுதியை லினக்ஸிலிருந்து திறந்து எழுதினால் கோப்புகள் நாசமாகலாம். அந்தப் பயத்தில்தான் லினக்ஸ் பல நேரம் அதை வாசிக்க மட்டும் அனுமதிக்கிறது.

இதற்கு நேர்மாறாக, உபுண்டு நன்றாக ஓடி விண்டோஸ் மட்டும் இழுக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அங்கே கோளாறு ஏதும் இருக்காது. பத்து நாளைக்கு ஒருமுறை விண்டோஸைத் திறந்தால், பத்து நாள் பாக்கியையும் அப்டேட்டாக அன்றைக்கே இறக்கத் தொடங்கும். ஒன்டிரைவ் தன் பங்குக்குக் கோப்புகளைச் சரிபார்க்கும். டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் நெடுவரிசையைப் பார்த்தால் யார் குடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அரை மணி நேரம் விட்டுவிட்டுச் சோதியுங்கள்.

இரண்டு அலைவரிசைக் கார்டு வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ரவுட்டர் 2.4க்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், விண்டோஸ் 5ஐயும் உபுண்டு 2.4ஐயும் பிடித்துக்கொண்டிருக்கலாம். வேகம் பத்து மடங்கு வேறுபட்டாலும் அதில் டிரைவரின் குற்றம் ஒன்றுமில்லை. மேலே சொன்ன ‘லிங்க்’ கட்டளையிலேயே அலைவரிசை எண்ணும் வரும்: 2412 மாதிரி இருந்தால் 2.4, 5180 மாதிரி இருந்தால் 5.

உங்கள் கார்டுக்கு 5 தெரியாது. அதனால் தெருவே நெரியும் 2.4இல்தான் நீங்கள் இடம் பிடிக்க வேண்டும். அங்கே ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டும். முதுநகர் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் நாலு பக்கத்து வைஃபையும் உங்கள் மாடி அறைக்குள் இருக்கும். டெர்மினலில் ‘என்எம்சிஎல்ஐ டெவ் வைஃபை’ என்று அடித்தால் யார் யார் எந்தச் சேனலில், எவ்வளவு பலத்தோடு என்று ஜாதகமே வந்துவிடும். காலியானதைப் பார்த்து ரவுட்டரில் மாற்றுங்கள். அப்படியே ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பில் டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறை இருந்தால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் ஆக்குங்கள். டிகேஐபியில் 54 எம்பிபிஎஸ் இணைப்புக்கு மேல் போகாது; கையில் வருவது அதில் பாதிகூட இருக்காது.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. பழைய வீடு என்றால் எனக்கே தெரியும்: ஃபைபர் நுழைகிற வாசல் பக்கம், டிவிக்குப் பின்னால், பக்கத்தில் இரும்பு பீரோ. முன்கட்டில் ரவுட்டர், பின்கட்டு மாடியில் நீங்கள். நடுவில் இரண்டு சுண்ணாம்புக் காரைச் சுவர், ஒரு கான்கிரீட் தளம். கேபிள்காரரிடம் சொல்லி ஒயரை நீட்டி மாடிப்படிக்குப் பக்கத்தில் உயரமாக மாட்டச் செய்தால் இரண்டு இயங்குதளத்திலுமே கூடும். ரவுட்டர் அடாப்டரின் முனையையும் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். உங்களுக்கும் எங்களுக்கும் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. உப்புக்காற்று பச்சைப் பாசி பிடித்தாற்போல் உலோகத்தை அரிப்பது தெரியாதா?

ஆன்டெனா சரியானதும் உபுண்டுவிலும் 40 வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குக் காசு கட்டுகிறோமே, மீதி 60 எங்கே என்று தேட வேண்டாம். ஒற்றை ஆன்டெனாவில், 2.4இல், வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இந்தக் கார்டு ரவுட்டரோடு பேசும் உச்சமே 72 எம்பிபிஎஸ். அதில் 40, 45 கைக்கு வந்தால் அது முழு மதிப்பெண். இன்னும் வேண்டுமென்றால் கார்டை மாற்றுவதைவிட இரண்டு அலைவரிசை யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கலாம். வாங்கும்போது பெட்டியின் பளபளப்பைப் பார்க்காமல் உள்ளே என்ன சிப் என்று விசாரியுங்கள். மீடியாடெக் எம்டி7612யு மாதிரி, டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருப்பதாக வாங்கினால் செருகியதும் ஓடும். தனியாக டிரைவர் தொகுத்துப் போட வேண்டிய சிப் என்றால் ஒவ்வொரு கெர்னல் மாற்றத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.

கடிகாரத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. லேப்டாப்புக்குள் இருக்கும் கடிகாரத்தில் உபுண்டு உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கும் அதற்கும் இடையே 5 மணி 30 நிமிடம், அதுதான் நீங்கள் பார்ப்பது. நேரம் தப்பாக இருக்கும்போது சில தளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று முரண்டு பிடிக்கலாம், அவ்வளவுதான். உபுண்டுவில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று ஒரே ஒருமுறை அடித்துவிடுங்கள். இது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று உபுண்டு முணுமுணுக்கும். கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் நாடுகளுக்குத்தான் அந்தத் தலைவலி, நமக்கில்லை.